ரிப்பன் இல்லாத வாசல்

மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் நாலாவதாக வந்த அன்றே ஸ்பைக் ஷூவைப் பரண்மேல் வீசினேன். அதன்பின் மூன்று வருஷம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடவில்லை. போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும் என்று நிற்பேன். அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் அகல் விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன்.

ஒரு புரட்டாசி மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் சுடாத விளக்குகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நனைந்தால் மறுபடி வெறும் களிமண்தான். ஆளுக்கொரு பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினோம்.

வாசலை நெருங்கியதும் பழைய புத்தி. பந்தய முடிவில் கட்டியிருக்கும் ரிப்பனை முட்டுவதுபோல நெஞ்சை முன்னால் தள்ளினேன். முன்வரிசை விளக்குகள் சரிந்து சேற்றில் விழுந்தன.

"இங்க யாரு உனக்குக் கப்பு வச்சிருக்காங்க?" என்றார் கூட வேலை செய்யும் அக்கா. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

அடுத்த பலகையை வீம்புக்கு ஓடியே கொண்டுபோனேன். ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்ததில் ஒரு விளக்குகூட அசையவில்லை. பாதம் தரையைத் தொடுவதே எனக்குத் தெரியவில்லை. தரையை உதைத்து உதைத்தே ஓடிப் பழகியவள் நான். இந்தக் காலுக்கு இப்படியும் ஓடத் தெரியுமா என்று பிரமித்துப்போனேன்.

கடைசிப் பலகையும் உள்ளே போன பிறகு, வெறுங்கையோடு மறுபடி மழைக்குள் ஓடினேன்.

"இன்னும் என்னா இருக்குதுன்னு ஓடுற?" என்று அக்கா ஷெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சுற்றுக்குத் திரும்பினேன்.