கொலைகாரனின் பொய்யை நாங்கள் திருத்திய கதை

ரகுராமன் சார் அந்த மெயிலைக் கான்ஃபரன்ஸ் ரூமின் பெரிய ஸ்க்ரீனில் போட்டு, சத்தமாகப் படித்தார். அனுப்பியவர் லண்டனில் இருக்கும் ஒரு பெண் எழுத்தாளர். "நீங்கள் எடிட் செய்து அனுப்பியதைப் பார்த்தேன். என் கதாநாயகி இப்போது ஒரு நிரபராதியைத் தூக்கில் போடுகிறாள். இது யார் வேலை?" என்று கேட்டிருந்தார்.

யார் வேலை என்று எனக்குத் தெரியும். எங்கள் மேனேஜரான ரகுராமன் சாருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டெல்லாவைப் பார்த்தார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

1. மூன்று துண்டாக வெட்டிய நாவல்

இருபத்தாறு வருஷம் காப்பி எடிட்டிங் வேலை பார்த்தவள் நான். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் பெங்களூரில் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வரும். எழுத்துப்பிழை, தேதி, பெயர், முன்னுக்குப் பின் முரண் எல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். எங்கள் வீடு தொம்மலூரில் பழைய ஊருக்குள். ஆபீஸ் நடந்து போகிற தூரம். கடைசிப் பத்து வருஷம் நான் க்யூ.சி., அதாவது மற்றவர்கள் எடிட் செய்ததை மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் தருகிற ஆள்.

அந்த நாவல் இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கிறது. காலேஜில் எல்லோரும் பாடமாகப் படித்த ஒரு பழைய காதல் கதையை எடுத்து, அதே குடும்பம், அதே நடன விருந்து, அதே கல்யாணப் பேச்சு என்று கொண்டுபோய், நடுவில் ஒரு கொலையை வைத்திருந்தார் அந்த எழுத்தாளர். விருந்து நடந்த வீட்டு லைப்ரரியில் ஒரு பாதிரியார் செத்துக் கிடக்கிறார். கதாநாயகி காதலிக்கிற மனிதன் மேல் ஊரே சந்தேகப்படுகிறது. உண்மையில் கொன்றவன் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒரு கேப்டன். அவனும் அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

முப்பத்தாறு அத்தியாயம். ஒருவரே ஒழுங்காகப் படிக்க மூன்று வாரம் வேண்டும். ரகுராமன் சார் ஒரே வாரத்தில் தருவதாக ஒப்புக்கொண்டு வந்து, ஃபைலை மூன்றாக வெட்டி மூன்று பேருக்குக் கொடுத்தார்.

"சார், இது டெக்ஸ்ட்புக் இல்ல, மர்மக் கதை. ஒரே ஆள் முழுசாப் படிக்கணும்" என்றேன்.

"ஸ்டைல் ஷீட் இருக்கில்ல மேடம்? யாரு, எப்போ, எங்க, எல்லாம் அதுல வந்துடுது. சும்னே டென்ஷன் ஆகாதீங்க" என்றார், சும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லி.

ஸ்டைல் ஷீட் என்பது ஒரு பட்டியல். கொலை நடந்த இரவு மழை என்றால் "மழை" என்று அதில் இருக்கும். யார் பொய் சொல்கிறார்கள் என்று அதில் இருக்காது. கொலைக் கதையில் யாராவது ஒருவர் பொய் சொல்லித்தானே ஆகவேண்டும்? இதுகூடத் தெரியாத மனிதர் எங்களுக்கு மேனேஜர்.

நடுத்துண்டு ஸ்டெல்லாவுக்குப் போனது.

2. பத்துக்கு மேல் கேள்வி கூடாது

ஸ்டெல்லா லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திவிட்டு எங்களிடம் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டியவள். பர்மனென்ட் ஆனால் கம்பெனி இன்சூரன்ஸில் அம்மாவைச் சேர்க்கலாம். அவள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, நடை நின்றுபோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். ஸ்டெல்லா அந்த ஒரு மாதத்தை நாள் நாளாக எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

இருபதாம் அத்தியாயம் படிக்கும்போது அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"வசந்தாக்கா, ஏழாம் சாப்டர்ல இந்த கேப்டன், 'ஒரே மழை, கும்மிருட்டு, மெழுகுவத்தி புடிச்சுத்தான் பாதிரியாரை லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனேன், வாசல்லயே விட்டுட்டு வந்துட்டேன்'னு சொல்லியிருக்கான். ஸ்டைல் ஷீட்ல இருக்கு. இங்க டான்ஸ் ஆடறப்போ ஹீரோயின்கிட்ட, 'அன்னிக்கு ராத்திரி லைப்ரரி ஜன்னல்ல நிலா பட்டப்பகல் மாதிரி அடிச்சுது'ங்கறான். எனக்கென்னமோ இவன் மேலயே டவுட்டா இருக்குக்கா."

"எனக்கும்தான். கை வைக்காத. க்வெரி போட்டு விட்டுடு" என்றேன்.

க்வெரி என்றால் எழுத்தாளருக்கு ஓரத்தில் எழுதுகிற கேள்வி. "வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்கிறீர்களா? நான் மாற்றவில்லை" என்று ஸ்டெல்லா அழகாக எழுதி வைத்தாள். அதைவிடச் சரியாக யாரும் செய்திருக்க முடியாது.

ஃபைல் அனுப்புகிற அன்று காலை ரகுராமன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மொத்தம் பத்தொம்பது க்வெரியா? பத்துக்கு மேல போனா கிளையன்ட் ஸ்கோர்கார்டுல ரெட் வரும் மேடம். குறைங்க."

"இந்த நிலா க்வெரி முக்கியம் சார். வேற எதையாவது எடுக்கலாம்."

"ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் நிலா. கிளியர் எரர். இதுக்கெல்லாம் லண்டனைக் கேப்பாங்களா? மெழுகுவத்தின்னு மாத்திட்டு க்வெரியை எடுங்க. பதினொரு மணிக்கு ஃபைல் போகணும்."

எடுத்தேன். ஸ்டெல்லாவின் கேள்வியை அழித்ததும், நிலாவை மெழுகுவத்தியாக மாற்றியதும் என் கைதான். அனுப்பும் முன் எல்லோருடைய திருத்தங்களையும் கம்பெனி என்ற ஒரே பெயருக்கு மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். யார் எதைச் செய்தார்கள் என்று பிறகு அந்த ஃபைலில் தெரியாது. சரி, சின்ன விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

3. கான்ஃபரன்ஸ் ரூம்

அந்த நிலாதான் கதையின் சாவி. அன்றிரவு மழை விட்டு நிலா வந்தது நள்ளிரவுக்கு ரொம்ப நேரம் கழித்து. அப்போது லைப்ரரிக்குள் இருந்தவன்தான் கொலைகாரன். கேப்டன் வாய் தவறி நிலாவைப் பற்றிச் சொன்னதைக் கதாநாயகி மனதில் வைத்திருந்து, முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். அதை வைத்துத்தான் அவள் காதலன் தப்புகிறான், கல்யாணம் நடக்கிறது. எங்கள் ஃபைலில் கேப்டன் நிலா என்று சொல்லவே இல்லை. சொல்லாத வார்த்தைக்காக அவனைத் தூக்கில் போட்டோம். கடைசித் துண்டைப் பார்த்தவருக்கு இருபதாம் அத்தியாயத்தில் என்ன இருந்தது என்றே தெரியாது. நானோ க்யூ.சி. என்ற பெயரில் பத்துப் பக்கத்துக்கு ஒரு பக்கம் பார்த்தவள்.

மெயிலைப் படித்து முடித்த ரகுராமன் சார், "இருபதாம் சாப்டர் யாருது? ஸ்டெல்லா, உங்களுதுதானே? க்வெரி போடத் தெரியாதா?" என்று கேட்டார்.

"போட்டேன் சார்."

"எங்கேம்மா இருக்கு? ஃபைனல் ஃபைல்ல காட்டுங்க பார்க்கலாம்."

ஸ்டெல்லா ஃபைலைத் திறந்து தேடினாள். மேலே போனாள், கீழே போனாள். இல்லை. "சத்தியமா போட்டேன் சார். வசந்தாக்காகிட்டகூட சொன்னேனே."

"அப்படியா மேடம்?" என்று என்னைக் கேட்டார் அந்த மனிதர். கூசாமல் கேட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அழிக்கச் சொன்னவர் கேட்கிறார்!

அவரை விடுங்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஃபைலைப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? வசந்தா மேடம் தப்பே செய்ய மாட்டார் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சுற்றிலும் என்னிடம் வேலை கற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்டெல்லாவைப் பலி கொடுத்தேன். இதைவிட நாகரிகமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

ரகுராமன் சார், தப்பு நடந்தால் நிரப்புகிற படிவத்தில் "காரணம்: தனிநபர் கவனக்குறைவு" என்று எழுதி, ஸ்டெல்லாவின் பெயரைப் போட்டார். "செஞ்ச தப்பை ஒத்துக்கறதுக்குக்கூட ஒரு இது வேணும்" என்று வேறு சொன்னார். மறுநாள் மத்தியானம் அவளிடம் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

4. பழைய ஃபைல்

அதற்கு அடுத்த நாள் சர்வரில் இருந்த, ஸ்டெல்லா முடித்துக் கொடுத்த பழைய ஃபைலை எடுத்தேன். ஸ்டெல்லாவின் க்வெரி அவள் பெயரோடு அப்படியே இருந்தது. அதை இணைத்து பதிப்பகத்துக்கும் எங்கள் டைரக்டருக்கும் மெயில் போட்டேன். "கேள்வியை அழித்தது நான். அழிக்கச் சொன்னது மேனேஜர். ஸ்டெல்லா செய்தது சரி." அவ்வளவுதான்.

ரகுராமன் சார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன மேடம் இது, இன்டர்னலா முடிச்சிருக்கலாமே?"

"ஸ்டெல்லாவை இன்டர்னலா முடிச்சாச்சே சார். இன்னும் யாரை முடிக்கணும்?" என்று கத்தினேன். இருபத்தாறு வருஷத்தில் நான் ஆபீஸில் கத்தியது அன்று ஒரு நாள்தான். இரண்டு நாள் முன்னால் கத்தியிருக்க வேண்டும்.

எழுத்தாளர் பதில் எழுதினார். அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் தன் நாவலை உண்மையாகப் படித்தவர், அடுத்த புத்தகத்தை அவரே முழுவதும் பார்க்க வேண்டும் என்று. பத்துக் கேள்விக் கணக்கை டைரக்டர் அன்றே தூக்கினார். ஸ்டெல்லாவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். ரகுராமன் சாரை வேறு மாடிக்கு மாற்றினார், அவ்வளவுதான். அவரிடம் யாரும் ஐடி கார்டை வாங்கவில்லை.

ஸ்டெல்லா போனை எடுக்காததால் நானே லிங்கராஜபுரம் போனேன். முன் அறையில் கட்டிலில் அவள் அம்மா படுத்திருந்தார். ஸ்டெல்லா முகம் கோணாமல் காபி கொடுத்தாள்.

"வரலக்கா. பழைய ஸ்கூல்லயே கூப்டுட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து போறேன்."

"அம்மா ஆபரேஷன்?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில எழுதி வெச்சிருக்கோம். டர்ன் வர்றப்போ வரட்டும்."

"நான் மெயில் போட்டேன் ஸ்டெல்லா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். டைரக்டருக்குத் தெரியும்."

"தெரியும்க்கா. லண்டனுக்குத் தெரியும், டைரக்டருக்குத் தெரியும். அன்னிக்கி அந்த ரூம்ல உக்காந்திருந்தவங்களுக்கு? நான் திருதிருன்னு ஃபைல்ல தேடினதைப் பார்த்தாங்களே, அவங்களுக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தோன்றவே இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை எல்லோரையும் அதே ரூமுக்குக் கூப்பிட்டு, நின்றுகொண்டு சொன்னேன். க்வெரியை அழித்தது நான், கேட்டபோது மழுப்பியது நான், ஸ்டெல்லா பொய் சொல்லவில்லை. கடைசித் துண்டைப் பார்த்தவர், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். கேள்வியை அழிக்கச் சொன்னால் அழிக்காதீர்கள். அழித்துவிட்டால், ஒருவரை எந்த இடத்தில் வைத்துப் பொய்யர் ஆக்குகிறார்களோ அந்த இடத்திலேயே, அவர் எழுந்து போகும் முன் வாயைத் திறங்கள். நான் திறப்பதற்குள் ஸ்டெல்லா போய்விட்டாள். அவள் அம்மா இன்னமும் நடக்கவில்லை.