இரண்டு அங்குலம் போதும் என்றவன்

நான் கட்டியவை இவை. பாடியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் ஒரு பட்டறை. முதலில் தகரக் கொட்டகை, பிறகு கான்கிரீட். திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. கல்லூரிக்குப் போய் இன்ஜினியர் ஆன ஒரு மகன். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் உலையில் கிடக்கும் பட்டையின் நிறத்தைப் பார்த்தே, அதை எப்போது எடுத்து எண்ணெயில் தோய்க்கலாம் என்று சொல்வேன். பட்டறை மூடிவிடும் என்று சொந்தக்காரர்களே இரண்டு தடவை பேசினார்கள். மூடவில்லை. இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம், இனி வரும் விஷயத்தை எவன் சொல்கிறான் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் அம்பத்தூருக்கு அழைத்துப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். போன மழைக்கு முந்தின மழையில் ஏரித் தண்ணீர் தெருவில் ஏறியது. எங்கள் கார் நடுத்தெருவில் நின்றுபோனது. ஒரு முறை தவறியது. மறுநாள் அவள் நெஞ்சில் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். பிழைத்தது தெய்வச் செயல். இன்னொரு முறை தவறினால் அவள் இருக்க மாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

காரை விற்றுவிட்டு மகன் ஜீப் வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். அதற்கு லிஃப்ட் கிட் போட வேண்டும் என்றான். உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சர்பர் எல்லாம் சேர்த்து, வண்டியின் உடம்பைச் சக்கரத்துக்கு மேலே தூக்கி நிறுத்துகிற சாமான் அது. இரண்டு அங்குலம் தூக்குவதும் உண்டு, நாலு தூக்குவதும் உண்டு. மகன் நாலு என்றான். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் நானும் நாலுதான் என்றேன். தண்ணீரை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலி வண்டிக்கு அளவு எடுக்க மாட்டேன். சரக்கை ஏற்றிக்கொண்டு வா, அப்புறம் உயரம் பேசலாம் என்பேன். அதே பழக்கத்தில், அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று மகனிடம் சொன்னேன். லாரியில் சரக்கு தானாக ஏறாது, ஆள் ஏற்றுவான். இங்கே சரக்கே கால் தூக்கி ஏற வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடை ஆவடி போகும் ரோட்டில். நாலு அங்குலம் தூக்கிய வண்டி ஒன்று வாசலிலேயே நின்றது. கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணாத்தே, ரெண்டு இஞ்சு போட்டா ஏத்தினதே தெர்யாது. நாலு போடு. எதுர்ல வர்றவன் ஒதுங்கிக்குவான்."

அவளை ஏறிப் பார்க்கச் சொன்னேன். வீங்கிய காலைத் தூக்கினாள். எட்டவில்லை. இடது பக்கக் கதவில் ஏறும்போது பிடிக்கிற கைப்பிடி இடது கைக்குத்தான் வாட்டமாக இருக்கிறது. டயாலிசிஸுக்கு ஊசி போடும் நரம்பு அவளுக்கு அந்தக் கையில். அந்தக் கையால் எதையும் பிடித்து இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்கி உட்கார வைக்கிறேன் என்று மகன் குனிந்தான். அவள் தள்ளி நின்றாள்.

"நான் இன்னா அரிசி மூட்டையா? ஏறத்துக்கு கிரேன் ஒண்ணு வாங்கினு வரச் சொல்லுய்யா உன் புள்ளைய."

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிட் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினோம்.

பின்கட்டில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவளை ஏறச் சொன்னேன். வலது கை சுவரில். ஒரு பலகை, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனேன். ஒரு சாணும் நாலு விரலும் வரைக்கும் ஏறினாள். அதற்கு மேல் முழங்கால் நடுங்கியது. பிறகு ஜீப்பின் தரை உயரத்தை அளந்தேன். இரண்டு அங்குலம் தூக்கி, நடுவில் ஒரு மடக்குப் படி வைத்தால் இரண்டு எட்டில் ஏறிவிடுவாள். நாலு தூக்கினால் ஒவ்வொரு எட்டும் அந்த அளவைத் தாண்டிவிடும்.

மகன் விடவில்லை. "தண்ணி பம்பருக்கு மேல வருது நைனா. ரெண்டு இஞ்சுல இன்னா ஆவும்?"

"தண்ணி ஏறுனா இஞ்சின் மூச்சு வாங்குற கொழாய மேல தூக்கு. உங்கம்மா கால நான் எங்கந்து தூக்குவேன்?"

இரண்டு அங்குலக் கிட் போட்டோம். காற்று இழுக்கும் குழாயைக் கூரை வரை ஏற்றினோம். மடக்குப் படியையும், வலது கைக்கு ஒரு பிடியையும் என் பட்டறையில் நானே வெல்டிங் செய்தேன்.

போன மழையிலும் ஏரி தெருவுக்கு வந்தது. அன்று காலை அவள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். படியை இறக்கினேன். வலது கையால் பிடித்தாள், ஒரு எட்டு, இன்னொரு எட்டு, உட்கார்ந்துவிட்டாள். யாரும் தொடவில்லை. பக்கத்து வீட்டு நாற்காலிகள் மிதந்து போயின. கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் மோதியது. இடது கையில் ஊசி நரம்பு துடிக்கிறதா என்று வலது விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகன் நிதானமாக ஓட்டினான், அதில் குறை சொல்ல மாட்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த மழைக்காலத்தில் ஒரு முறையும் தவறவில்லை. இன்றும் போய் வருகிறாள்.

இப்போது மகன், ஃபோனில் ஜீப் வைத்திருப்பவர்கள் குழு ஒன்றில் வண்டியின் படங்களைப் போட்டிருக்கிறான். ஏன் நாலு போடவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிறைய ஆராய்ச்சி செய்து எடுத்த முடிவு என்று பதில் எழுதியிருக்கிறான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனால் அதை இரண்டு தடவை படித்தேன்.

அதைத் திருத்தச் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் பெயரைப் போட்டிருக்கிறாய், டயரின் பெயரைப் போட்டிருக்கிறாய். அதற்கு மேலே ஒரு வரி எழுது. இரண்டு அங்குலம் என்று சொன்னது என் அப்பா, அம்மாவின் காலை அளந்து பார்த்துச் சொன்னார் என்று எழுது. அதையும் தமிழிலேயே எழுது, நான் படிக்க வேண்டும்.