அம்மா மடியில் எடுத்த ரத்தம்

புத்தூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நான் நர்ஸ். ரத்தம் எடுக்கும்போது தாய்மாரை வெளியே அனுப்பிவிடுவேன். அவர்களும் சேர்ந்து அழுதால் வேலை கெட்டுவிடும் என்ற நினைப்பு.

அன்று சமயபுரத்திலிருந்து நான்கு வயது யாழினி காய்ச்சலோடு வந்திருந்தாள். மேஜையில் படுக்கவைத்து இருவர் அமுக்கிப் பிடித்தோம். திமிறினாள். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அவள் அம்மா கதவைத் திறந்தார்.

“சிஸ்டர், என் மடியில வச்சு எடுங்களேன். நான் அழ மாட்டேங்க.”

“அதுக்கெல்லாம் ரூல்ஸ்ல இடமில்லம்மா” என்றேன். உண்மையில் தாய்மாரை வெளியே நிறுத்தும் ரூல்ஸை யாரும் போடவில்லை. நானே வைத்துக்கொண்டது.

அப்போது யாழினி விசும்பிக்கொண்டே கேட்டாள்: “ஆன்ட்டி, நான் என்ன தப்பு செஞ்சேன்?”

ஊசியைக் கீழே வைத்தேன். “உள்ள வாங்கம்மா” என்றேன்.

யாழினி அம்மா மடியில் உட்கார்ந்து, தோளில் முகம் புதைத்தபடி கையை மட்டும் நீட்டினாள். சிணுங்கினாள், ஆனால் திமிறவில்லை. இந்த முறை ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

அந்த மாத வார்டு கூட்டத்தில் என் தவறைச் சொன்னேன். “இனிமே எல்லாக் குழந்தைக்கும் இப்படியே செய்வோம்” என்றார் டாக்டர். இப்போது அந்த அறையில் தாய்மாருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

ஆனால் அதற்கு முன் பதினோரு வருடம் நான் வெளியே நிறுத்திய தாய்மாரை எங்கே போய்த் தேடுவேன்? அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கட்டும்.