துடைக்காத பீங்கான்

தமிழர்களை மலையாளிகள் பாண்டி என்று ஏளனமாக அழைப்பதை நான் அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்க மாட்டேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு துணைமின்நிலையத்தில் நான் சோதனைப் பொறுப்பில் இருந்தேன். பாறசாலைப் பக்கம் போகும் லைனை நிறுத்திவிட்டு அதன் சர்க்யூட் பிரேக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். லைனில் கோளாறு வந்தால் கண்ணிமைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய எண்ணெய்ச் சுவிட்ச் அது. மூன்று முனைகளும் ஒன்றாக விலகுகின்றனவா என்று சுழலும் உருளையில் மூன்று பேனாக்கள் கோடு போட்டுக் காட்டும். மூன்றும் ஒரே இடத்தில் எகிறின. குறை இல்லை.

அடுத்து மின்காப்பு. ஹெல்பர் அதை அளக்கும் மெகர் மீட்டரின் கைப்பிடியைச் சுற்றினார். முள் எழும்பவில்லை. விடியற்காலை மழையில் பிரேக்கரின் பீங்கான்கள் நனைந்திருந்தன. மேலீரத்தில் மின்சாரம் கசிந்தால் முள் அப்படித்தான் கிடக்கும்; துடைத்தால் ஏறிவிடும். துடைப்பதற்கென்றே பாலராமபுரம் தறித்துணி ஒரு துண்டு எப்போதும் என் பையில் இருக்கும். எடுக்கக் கையை விட்டேன்.

பின்னால் எங்கள் மலையாளி அதிகாரி நின்றார். "துடச்சிட்டு நோக்கெடோ. பாண்டிக்கு மீட்டர் நோக்கான் அறிஞ்ஞூடே?" பாண்டிக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதா என்று கேலி.

கையை வெறுமனே வெளியே எடுத்தேன். "இன்சுலேஷன் மோசமாக்கும் சார். லைன் விடமாட்டேன்."

"ஞான் பறஞ்ஞாலோ?"

"சொன்னாலும் விடமாட்டேன். பாண்டியில்லியா, அவ்வளவுதான் அறிவு உண்டு."

சோதித்தவன் சரி என்று சொல்லாமல் லைனில் மின்சாரம் விடக்கூடாது. அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். "அவருக்க முள்ளும் எழும்பாமப் போச்சு சார்" என்று ஹெல்பர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மாலை பாறசாலையில் எங்கள் தமிழ் ஆட்களின் போராட்டக் கூட்டம். இருவரும் போனோம். கரண்ட் இல்லாமல் மைக் செட் செத்துக் கிடந்தது.

"எலே, நம்ம வாய அடைக்கத்தான் அந்த ஆபீசரு கரண்ட நிறுத்திப் போட்டான்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கொதித்தது.

ஹெல்பர் என் காதருகே குனிந்தார். "சார், நெசத்த நான் பறயட்டா?"

"மிண்டாம நில்லும் ஓய்" என்று அவர் வாயை அடக்கினேன்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பேச்சாளர் தொண்டை கிழியப் பேசினார். அப்படியொரு ஆவேசத்தை நான் வேறு எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கலைந்து போனவர்கள் வழியில் வந்த அதிகாரியின் ஜீப்பை மறித்தார்கள். ஒரு கல் அவர் நெற்றியைப் பிளந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். கரண்டை நிறுத்தியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் பீங்கான்களைத் துடைத்தேன். ஹெல்பர் சுற்றினார். முள் கடைசிவரை ஏறியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி கட்டுப்போட்ட நெற்றியோடு வந்தார். காய்ந்த பீங்கானையும் என்னையும் பார்த்தார். "லைன் விடாமோ?" என்றார்.

"விடலாம் சார்."

வேறு எதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அந்தச் சொல்லை அவர் என் முன்னால் மறுபடி சொன்னதுமில்லை. முதல் நாளே துடைத்து, முள்ளை ஏற்றிக் காட்டி, சொன்ன சொல்லைத் திரும்ப எடும் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்குத் தைரியம் இருந்தது. துணியும் பையில் இருந்தது.