பதினோரு அரியரும் ஒரு சர்வீஸ் லிஃப்டும்

தாம்பரத்துக்குத் தெற்கே கேன் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒரு முறையாவது என் கேனில் குடித்திருப்பார்கள். இதைத் தற்பெருமை என்பாள் என் மனைவி. தகவல் என்பேன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மூன்று சக்கர சைக்கிளில் ஆறு கேன் வைத்து மிதித்து ஆரம்பித்தவன், இன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் குடோன், ஒன்பது குட்டியானை வண்டி, நாவலூர் அடுக்குமாடிகள் வரை வாடிக்கை. 'லோடு', 'எம்ப்டி', 'யெஸ் சார்' என்கிற இங்கிலீஷை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனையும் சாதித்த வேறு ஆள் இந்தப் பக்கத்தில் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அப்படிப்பட்ட என்னையே தடுமாற வைத்தது ஒரு கடிதம். நான் எழுத வேண்டிய கடிதம்.

கேட்டது என் மேனேஜர். அனகாபுத்தூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, நாலு வருடமாக என் குடோனை நடத்துகிறவள். எம்.பி.ஏ. படிக்கப் பெரிய கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போடுகிறாள். அவளுடைய பி.இ. மார்க் ஷீட்டை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். வேலைக்குச் சேரும்போது நான் கேட்கவில்லை. மார்க் பார்த்து ஆள் எடுப்பதென்றால் என் கம்பெனியில் முதலில் வெளியே போக வேண்டியவன் நான்.

"பதினோரு அரியரா?"

"எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டேன் சார்."

"எப்போ?"

"ஆறாவது வருஷம்."

நான் விரல் விட்டு எண்ணினேன். அவளே சொன்னாள். "மார்க்க இனிமே மாத்த முடியாது சார். நுழைவுத் தேர்வுல நல்ல ஸ்கோர் வந்திருக்கு. கணக்கு எனக்கு வரும்னு காட்டறதுக்கு ஆன்லைன்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் கோர்ஸ் ஒண்ணு முடிச்சேன். மிச்சம் ஒண்ணுதான். நான் வேலை செய்யறத கூட இருந்து பாத்தவங்க ஒரு லெட்டர் தரணும். அது நீங்கதான். இது இந்த வருஷம் நடக்கலைன்னா வீட்ல அடுத்த வருஷத்துக்கு விட மாட்டாங்க சார். மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க."

மார்க் ஏன் குறைந்தது என்று எழுத விண்ணப்பத்தில் ஒரு இடம் விட்டிருந்தார்களாம். அதற்கு நான் உடனே வழி சொன்னேன்.

"மஞ்சக்காமாலைன்னு எழுதிடு. சர்ட்டிபிகேட் நான் வாங்கித் தரேன். நம்ம தண்ணி குடிக்கிற டாக்டர் ஒருத்தர் இருக்காரு."

"ரெண்டு வருஷமாவா சார் காமாலை?"

"வந்து வந்து போச்சுன்னு போடு."

"தண்ணி கம்பெனி ஓனர் வாங்கிக் குடுத்த காமாலை சர்ட்டிபிகேட்டா? உங்க தண்ணியாலதான் வந்துச்சும்பாங்க சார்."

அந்த யோசனையை அங்கேயே கைவிட்டேன். தொழில் முக்கியம்.

அவள் எழுதியிருந்தது வேறு. முதல் இரண்டு வருடம் நான் படிக்கவில்லை, வகுப்புக்குப் போகிறேன் என்று கிளம்பிக் கடற்கரைக்குப் போனேன், மூன்றாம் வருடம் பயம் வந்தபோது தேறாத பாடங்கள் குவிந்திருந்தன, ஒவ்வொன்றாக எழுதி முடித்தேன் என்று நாலு வரி. இப்படி எழுதினால் யார் சீட்டுக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கடித விஷயத்தில் என்னிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. யார் எந்தக் கடிதம் கேட்டாலும், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்றுவிடுவேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

"நான் பாக்கவே கூடாது சார். உங்க மெயிலுக்கு நேரா கேள்வி வரும். நீங்கதான் பதில் எழுதணும்."

எனக்கு மெயில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அவள்தான் எப்போதோ உண்டாக்கி வைத்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் போனேன். அவள் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை பார்ப்பாள், பிறகுதான் தேதி பார்ப்பாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் இங்கிலீஷில் தட்டுவதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். நான் எழுந்து நின்றேன். நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும். அரை மணி நேரம் சொன்னேன். நன்றாக வந்தது என்றுதான் நினைத்தேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "என்னங்க, சைக்கிள் வந்துருச்சு, குட்டியானை வந்துருச்சு, நீங்க வெயில்ல நின்னது வந்துருச்சு. அந்தப் பொண்ணு எப்ப வருவா?"

"வருவா, வருவா. எங்கிட்டதானே வேலை செய்யறா? என்னப் பத்திச் சொன்னா அவளப் பத்திச் சொன்ன மாதிரிதான்."

"சீட்டு உங்களுக்கா கேக்கறாங்க?"

மொத்தத்தையும் அழித்தாள். பிறகு அவர்கள் கேட்டிருந்த கேள்வியை வாசித்துத் தமிழில் சொன்னாள். வேலையில் நடந்த ஒரு தவறை இவர் எப்படிச் சரி செய்தார், நீங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி உடனே நினைவுக்கு வந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்த நிகழ்ச்சியை என் மனைவி ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறாள். நான்தான் சொல்லியிருக்கிறேன். சர்ச் சபையில் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மைக் பிடித்தும் சொல்லியிருக்கிறேன். நாவலூரில் பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் கேன் போடுவதை ஒரே வாரத்தில் நான் எப்படிச் சீர்படுத்தினேன் என்கிற கதை. அதில் 'நான்' என்கிற ஒரு சொல் மட்டும்தான் பொய்.

"என்ன, ஒண்ணும் தோணலையா? அப்ப அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யலைன்னு போட்டுடவா?" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

"அந்த நாவலூர் லிஃப்ட் விஷயம் இருக்குல்ல."

"நீங்க கண்டுபிடிச்சது."

"அது நான் இல்ல."

அவள் விரல்கள் நின்றன. நடந்ததைச் சொன்னேன். காலை ஏழு மணிக்குள் வாசலில் கேன் என்று அந்தக் குடியிருப்புக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தவன் நான். சாமான் ஏற்ற சர்வீஸ் லிஃப்ட் எப்போது விடுவார்கள் என்று கேட்டீர்களா சார் என்று மேனேஜர் பெண் அன்றே கேட்டாள். எனக்கா தொழில் சொல்லித் தருகிறாய் என்றேன். முதல் நாளே செக்யூரிட்டி மறித்துவிட்டார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் இறங்குகிற நேரம், பதினொரு மணிக்கு மேல்தான் கேனுக்கு லிஃப்ட். படியில் ஏறுங்கள் என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டேன். மூன்றாம் நாள் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் உங்கள் தண்ணீர் வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவள் போய்ப் பேசினாள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒரு இரும்பு ராக். முந்தின நாள் மத்தியானமே நிறைந்த கேனை வைத்துவிட்டுக் காலி கேனை எடுத்துக்கொள்வது. காலையில் யாருக்கும் லிஃப்ட் வேண்டாம். இப்போது எல்லா அடுக்குமாடிக்கும் அதே முறைதான்.

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மைக்குல சொன்னப்போ அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"நல்லா சொன்னீங்களாமே சார்னு சொன்னா."

மனைவி வேகமாகத் தட்டினாள். 'எனக்கா தொழில் சொல்லித் தருகிறாய்' என்று நான் சொன்னதையும் சேர்த்துத் தட்டினாள். அதை எடுத்துவிடேன் என்றேன். காதில் விழாதது போல் அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நல்லவேளை, தமிழ் பேசினார். கடிதத்தில் இருப்பது உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். குடோனில் லோடு ஏற்றும் நேரம், வண்டிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஆமாம்மா, தப்பு என்னுதுதான். லிஃப்ட் கேக்காம விட்டது நான். சரி பண்ணது அந்தப் பொண்ணு."

திரும்பினால் கேன் தூக்குகிறவர்கள் எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். மூத்த டிரைவர்தான் வாயைத் திறந்தார்.

"இன்னாண்ணா, இத்த இப்பத்தான் ஒத்துக்கினியா? பதினாலு மாடி ஏறுனது நாங்க. எங்க முட்டி அன்னிக்கே சொல்லிச்சே."

"வேலையப் பாருய்யா."

இன்டர்வியூ முடிந்து வந்தவளுக்கு ஒரே குழப்பம். "மார்க்கப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் சார். நான் எழுதினத அப்படியே சொன்னேன். மிச்ச நேரம் பூரா லிஃப்டப் பத்தியே கேட்டாங்க. நீங்க என்னதான் எழுதுனீங்க?"

"நீ பாக்கக் கூடாதுல்ல," என்றேன்.

சீட்டுக் கிடைத்துவிட்டது. குடோனுக்கு ஓடி வந்து சொன்னாள். என் லெட்டர் அப்படி என்றேன். எட்டாம் வகுப்புக்காரன் கடிதம் கொடுத்து, பதினோரு அரியர் வைத்த பெண் பெரிய கல்லூரிக்குப் போனது இந்த வட்டாரத்தில் வேறெங்கும் நடந்ததில்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

செய்தி பரவியது. போன வாரம் சபையிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் என் குடோனில் இரண்டு மாதம் கணக்கு எழுதியவன். அவனுக்கும் மார்க் கம்மியாம், ஒரு லெட்டர் வேண்டுமாம்.

"என் தப்பு எதையாவது எப்பயாவது காட்டிக் குடுத்திருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பதறிவிட்டார். "ஐயோ அண்ணா, நீங்க எங்க தப்பு பண்ணப் போறீங்க?"

"அப்ப எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே," என்றேன்.