இறக்கைக்குள் வெந்தயம்

சிங்கப்பூர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நூர்தீன்மேல் ஒரு கரும்புள்ளி விழுந்ததில்லை. "அப்பழுக்கற்ற பணி" என்ற சான்றிதழ் சுவா சூ காங் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைப்பது அவருடைய அக்கா, உம்மு சல்மா லாத்தா.

போன மாதம் இருவரும் ஒரு பழைய பயிற்சி விமானத்தைப் பார்க்கப் போனார்கள். இரண்டு இருக்கை, ஒற்றை விசிறி. ஜொகூர் தோட்டக்காரர் ஒருவரின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை அருண்ராஜ் என்ற இளைஞர் வாங்கிப் புதுப்பித்திருந்தார். தோட்டக்காரருக்கு முன்பு ஒரு பறக்கும் கழகத்திடம் இருந்திருக்கிறது. அதற்கும் முன்பு? எண் தகடு இல்லை. விமானத்தின் பக்கத்தில் வைக்க அன்று மாலை அச்சுக்குப் போகவிருந்த வரலாற்றுப் பலகையின் வரைவில் "பர்மியப் படை" என்று இருந்தது.

நூர்தீன் இடது மிதியைத் தடவினார். அதே நசுங்கல்.

"தம்பி, இது நம்ம முப்பத்தேழாம் நம்பர் லா! பதினோரு வருஷம் நான்தான் பார்த்தேன்."

"சாரி அங்கிள். உள்ள பர்மா எழுத்து இருக்கு. போட்டோ எடுத்து எங்க டீமுக்கும் அனுப்பிட்டேன்."

அருண்ராஜ் இறக்கைக்கு அடியிலிருந்த சின்ன மூடியைக் கழற்றி நீட்டினார். உட்புறம் மெழுகு பென்சிலில் சுழி சுழியாக எழுத்து. விமானத்துக்குள் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது என்பது சட்டம். வாயைத் திறந்தால் சான்றிதழ் பொய்யாகும்; மூடிக்கொண்டால் முப்பத்தேழு காலமெல்லாம் பர்மாக்காரன்.

லாத்தாவை ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இப்பப் படிங்க."

"இஞ்சி... முருங்கைக்காய் நாலு... வெந்தயம்... அங்கிள், இது தமிழ்!"

"என் கையெழுத்து. லாத்தா போன்ல சொன்னாங்க, பக்கத்துல பேப்பர் இல்ல. தப்புதான்."

அருண்ராஜ் சிரித்துக்கொண்டே வரைவில் "பர்மிய"வை அடித்து "சிங்கப்பூர்" என்று எழுதினார். நூர்தீன் சிரிக்கவில்லை, லாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மு சல்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தார்.

"அன்னைக்குத் தேக்கா மார்க்கெட்டுலேர்ந்து வெறும் இஞ்சியோட வந்து நின்னியே, எல்லாம் மறந்துட்டேன்னு. ஏன்டா, ஒழுங்கா எழுதிட்டு, லிஸ்ட்டை இறக்கையில வச்சு ஸ்க்ரூ போட்டா பூட்டிட்டு வந்தே?"

சான்றிதழ் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் இப்போது அந்த மூடியின் படமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் முதலில் துடைபடுவது அதுதான்.