லிப்டுச் சுவரில் ஒரு வருஷத்து வானம்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரில் இருபத்தேழு லிப்டுகள் அவர் பொறுப்பு. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு போன் செய்தால், "பதினோரு நிமிஷத்துல வந்துடுவேன், சும்மா சும்மா பட்டனை அமுக்காதீங்க" என்பார். பதினோராவது நிமிஷம் கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்கும். அதனால் அவருக்கு 'நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு நிமிஷம் மாமா. சொந்தப் பெயர் எனக்கும் சம்பளச் சீட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

லிப்டின் மோட்டார் மொட்டை மாடியில் ஒரு சின்ன அறையில் இருக்கும். அதைப் பார்க்க மேலே போன மனுஷர் வானத்தைப் பார்த்துவிட்டார். கல்யாணமான இரண்டாம் வருஷம் பிடித்த பைத்தியம், இருபது வருஷமாகியும் விடவில்லை. எந்தக் கிரகம் எந்த மாதம் எந்தப் பக்கம் வரும், விண்கல் மழை என்றைக்கு, நிலா எந்த நட்சத்திரத்தை மறைக்கும் எல்லாம் தலைகீழ்ப் பாடம். கடையில் உப்பு வாங்கி வரச் சொன்னால் சர்க்கரையோடு வருவார், அது வேறு விஷயம்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருஷத்து வானத்தை ஒரே தாளில் எழுதிவிடுவார். நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். அந்தத் தாளை டைப் அடித்து, இருபத்தேழு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பது என் வேலை. லிப்டுக்குள், 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது' என்ற தகட்டுக்குப் பக்கத்தில், அடியில் கையெழுத்துப் போட்டு அதை ஒட்டுவார். லிப்டில் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க எதையாவது படித்தாக வேண்டுமே, இதைப் படித்தார்கள். படித்துப் படித்து, மாடிக்கு வரவும் ஆரம்பித்தார்கள். இருப்பதிலேயே உயரமான கட்டிடத்தில் மட்டும் முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள்.

அவர் நோட்டில் ஒரு வழக்கம் உண்டு. லிப்ட் கம்பெனியில் ராத்திரி டியூட்டி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகாலை ஆறுக்கு முடியும். பன்னிரண்டாம் தேதி ஏறிய டியூட்டியில் விடிகாலை நாலு மணிக்கு லிப்ட் நின்றாலும், பதிவேட்டில் அது பன்னிரண்டாம் தேதி என்றுதான் எழுதுவார்கள். அதே பழக்கத்தில் வானத்தையும் எழுதுவார். விடிகாலை சமாசாரம் என்றால் டியூட்டித் தேதியைப் போட்டு ஒரு வட்டம் போடுவார். டைப் அடிக்கும்போது வட்டம் இருந்தால் நான் ஒரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் இது தண்ணி பட்ட பாடு.

அந்த டிசம்பரில் எங்கள் கல்யாண நாளன்று அவர் மாடியில் உட்கார்ந்துவிட்டார். நான் சமைத்து வைத்து, புடவை மாற்றி, ஒன்பது மணிவரை காத்திருந்து, தனியாகச் சாப்பிட்டேன். மறுநாள் அவர் நோட்டை நீட்டியபோது எனக்கு இருந்த கோபத்தில் தட்டச்சுப் பலகையே உடைந்திருக்கும். கடகடவென்று அடித்தேன். அந்த வருஷம் ஆறு வட்டம். ஐந்துக்கு ஒரு நாள் கூட்டினேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

அது மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம். நிலா முழுசாகச் சிவக்கிற கிரகணம். பதிமூன்றாம் தேதி விடிகாலை என்று வர வேண்டியது, பன்னிரண்டு என்று இருபத்தேழு லிப்டிலும் ஏறிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி விடிகாலை உயரக் கட்டிடத்து மாடியில் நாற்பத்திரண்டு பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார்களாம். ஆறாவது மாடி நர்ஸ் அதற்காக டியூட்டியே மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். போனில் வேறு தேதி போட்டிருந்ததைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். போன் தப்பாக இருக்கும், நிமிஷம் தப்பாக இருக்க மாட்டார் என்று நம்பி வந்தார்களாம். நிலா துளி அழுக்கில்லாமல் வெள்ளையாக நின்றிருக்கிறது.

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தாராம். பிறகு எல்லோரிடமும், "ஒரு நாள் முந்திட்டேன். நாளைக்குத்தான் கிரகணம். தப்பு என்னுது" என்றாராம்.

வீட்டுக்கு வந்து என்னிடமும் அதையே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டைச் சுற்றி, நீல மையில், பளிச்சென்று வட்டம். குளித்துவிட்டு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வந்தார், சாப்பிட்டார், வேலைக்குக் கிளம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாண நாள் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். உண்மையில் பயம்தான்.

தப்புத் தேதியை நம்பி விடிகாலையில் கூட்டம் கூடியதற்காக, அன்று சாயங்காலமே அந்த உயரக் கட்டிடச் சங்கத்தின் செக்ரட்டரி மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி அந்த அம்மா. கமா இல்லாத கடிதத்தைக்கூடத் திருப்பி அனுப்புகிற ரகம். மறுநாள் நிலா மேற்கே சிவந்தது. கீழே நின்றவர்களுக்கு எதிர்க் கட்டிடம் மறைத்துவிட்டது.

பூட்டோடு போகவில்லை. இனி மோட்டார் அறைக்குப் போவதானாலும் காவலாளி சாவியோடு கூட வருவார் என்று உத்தரவு. இருபது வருஷமாகத் தன் வீட்டு மாடி மாதிரி போய் வந்த மனுஷர், காவலாளி பின்னாலேயே நிற்க, வேலை செய்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அவர் சொல்கிற நேரம். அது போய்விட்டது. போக வைத்தது நான்.

அவரோ அசரவில்லை. இருபத்தேழு லிப்டிலும், 'கிரகணத் தேதி தவறு. தவறு என்னுடையது. மற்ற தேதிகளைச் சரிபார்த்துவிட்டேன்' என்று ஒரு சீட்டு ஒட்டினார். அதையும் என்னிடம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார். 'என்னுடையது' என்ற சொல்லை நான் எப்படி அடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

தாளில் அடுத்த பெரிய நாள் செப்டம்பரில். பட்டப்பகலில், தேய்பிறை நிலா வெள்ளிக் கிரகத்தை மறைக்கப்போகிறது. 9:52க்கு மறையும், 11:08க்கு வெளியே வரும்.

"மாடிதான் பூட்டியிருக்கே, எங்கே நின்னு காட்டுவீங்க?" என்றேன்.

"மாடி எதுக்கு? பகல்ல வெள்ளியைப் பார்க்கணும்னா சூரியனை மறைக்கணும். அவ்வளவு பெரிய கட்டிடம் சும்மாதானே நிக்குது. அது நிழல்ல நின்னு பார்த்தா போதும்."

பயமே கிடையாது இந்த மனுஷருக்கு. செப்டம்பரில் அந்த நாள் வந்ததும் நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

கட்டிடத்துக்கு மேற்குப் பக்கம் கார் நிறுத்துகிற இடம். நிழல் விளிம்பில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு இழுத்தார். "கோட்டைத் தாண்டி யாரும் போகக் கூடாது. வெயில்ல நின்னு பைனாகுலரை எடுத்தா கண்ணு போயிடும்." வந்தவர்கள் பத்தொன்பது பேர்தான். நர்ஸ் வந்திருந்தாள். செக்ரட்டரியும் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

தலைக்கு நேர் மேலே, நகம் வெட்டிப் போட்டது மாதிரி நிலா. கண் பழகியதும் அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

மணி 9:47. செக்ரட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். "போன தடவை மாதிரி நாளைக்குன்னு சொல்லிடாதீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், போன தடவை தப்பு அவர் பண்ணல. அவர் சரியாத்தான் எழுதியிருந்தார். டைப் அடிச்சது நான். ஒரு நாள் கூட்டாம விட்டுட்டேன். ஆறு மாசமா சொல்லவும் இல்லை."

செக்ரட்டரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒட்டினது நான்தான் மேடம்," என்றார் இவர். "ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருக்கணும். கையெழுத்து போட்டவன்தான் பொறுப்பு. இப்போ எல்லாரும் மேல பாருங்க, இன்னும் மூணு நிமிஷம்."

9:52க்கு அந்தப் புள்ளி மங்கி, நிலாவின் ஓரத்தில் கரைந்து, இல்லாமல் போனது. நர்ஸ், "போயிடுச்சு அக்கா" என்று என் கையைப் பிடித்தாள். செக்ரட்டரி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் கோட்டை அழித்து அழித்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சுவரை நோக்கி இரண்டடி நகர்ந்தோம். இதற்குள் மேலே வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வர, பத்தொன்பது முப்பத்தைந்தானது. கடைசியில் பஸ்ஸில் போகிற மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டி நின்றோம். எனக்குப் பக்கத்தில் செக்ரட்டரி.

"பிறையோட ஓரத்தைப் பார்க்காதீங்க," என்றார் இவர். "வெளிய வர்றது நிலாவோட இருட்டுப் பக்கம். அங்கே ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். அந்த ஒண்ணுமில்லாத இடத்தைப் பாருங்க."

11:08. வெறும் நீலத்திலிருந்து அந்த வெள்ளைப் புள்ளி வந்து நின்றது. யாரோ கை தட்டினார்கள். செக்ரட்டரி மட்டும் ரொம்ப நேரம் கழுத்தைத் தாழ்த்தவில்லை. பிறகு இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து மாடிச் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த வருஷத் தாளை ரெண்டு பேரும் படிச்சுக் கையெழுத்து போட்டு ஒட்டுங்க."

வெளியே ரோட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"என் மேல கோபமா?"

"எதுக்கு?"

"தப்பு என்னுதுங்கறதை இவ்வளவு நாள் மறைச்சதுக்கு."

"எனக்கு அன்னிக்கே தெரியும். மாடியிலயே நோட்டைப் பார்த்தேனே."

நான் நின்றுவிட்டேன். ஆறு மாதம், காவலாளி முதுகுக்குப் பின்னால் நிற்க வேலை பார்த்துவிட்டு வந்து, நான் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

"தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்தை கேட்கல?"

"நீயா சொல்லுவேன்னு தெரியும்," என்றார். "எந்த நாள்னுதான் கணக்குப் போட முடியல."